கருத்தரங்கில் பேச வீட்டுக் கம்ப்யூட்டரைத் தயார் செய்யலாம்

எங்கள் குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். 12ஆம் நூற்றாண்டில் அவர் பெரிய புராணத்தைத் தில்லைக்குச் சென்று அரங்கேற்றினார் என்பது மரபு. இன்று ஒரு கருத்தரங்கில் கட்டுரை படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே பேசிவிடலாம்.

பேச்சாளர்களிலும் பார்வையாளர்களிலும் ஒரு பகுதியினர் அரங்கில் இருப்பார்கள். மற்றவர்கள் ஜூம், கூகுள் மீட் போன்ற புரோகிராம்கள் வழியே கலந்து கொள்வார்கள். இதைத்தான் ஹைபிரிட் மாநாடு, அதாவது கலப்பு முறை மாநாடு என்கிறோம். 2020ல் கொரோனா வந்தபோது மாநாடுகள் முழுவதும் இன்டர்நெட்டுக்கு மாறின. பின்னர் அரங்குகள் திறந்தன. ஆனால் வீட்டிலிருந்து பேசும் வசதியைப் பல மாநாடுகள் விடவில்லை. கணினி மொழியியலில் உலக அளவில் பெரிய மாநாடான ஏ.சி.எல்., 2022 மே மாதம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இந்தக் கலப்பு முறையில்தான் நடந்தது. அதனுடன் சேர்ந்து திராவிட மொழிகளுக்கென்றே ஒரு பயிலரங்கும் நடந்தது.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஐம்பது வயதுக்கு மேல்தான் மவுஸ் பிடிக்கக் கற்றேன். இரண்டு முறை இப்படி வீட்டிலிருந்து பேசியிருக்கிறேன். முதல் முறை முழுத் தோல்வி. அதில் கற்றதை வைத்து இரண்டாம் முறை தயாரானேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, முதன்முறையாக இப்படிப் பேசப் போகிறவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் முறை நடந்தது என்ன?

குன்றத்தூரில் பட்டு நெசவு உண்டு. தறியில் வழங்கும் சொற்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து வருகிறேன். நீளவாக்கில் இருக்கும் இழை பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடையைச் சுமந்து ஓடுவது நாடா. நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சி தார். சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு வண்ணத்தில் கோத்து நெய்வது கோர்வை. உடலும் முந்தானையும் வண்ணம் மாறிச் சேரும் இடம் பேட்னி. தறிகள் குறையக் குறைய இந்தச் சொற்களும் போய்விடும் என்ற கவலையில்தான் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பினேன்.

ஸ்லைடுகளை டி.டி.பி. சென்டரில் அடித்து வாங்கினேன். என் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தன. கருத்தரங்கு அன்று இணைப்பு சரியாக இல்லை. "ஐயா, நீங்க பேசுங்க. ஸ்லைடை நாங்க இங்கேயே ஓட்டறோம்" என்றார்கள். நானும் 12 நிமிடம் பேசினேன். "இந்தச் சொல்லைப் பாருங்கள், அந்தச் சொல்லைப் பாருங்கள்" என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். முடிந்ததும் ஒரு மாணவி போன் செய்தாள். "சார், ஸ்லைடு பூரா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா இருந்துச்சு சார். ஒரு தமிழ் வார்த்தை கூடத் தெரியல."

சொற்களைப் பற்றிய உரை அது. அதில் ஒரு சொல்லையும் அரங்கில் யாரும் பார்க்கவில்லை! எனக்கோ என் மானிட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. தவறு என்னுடையதுதான். என் கம்ப்யூட்டரில் தெரிவதுதான் அங்கேயும் தெரியும் என்று நம்பிவிட்டேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாக் குறிப்புகளுக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான். நம் பக்கம் சரியாக இருப்பது போதாது. எதிர்ப்பக்கம் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

எழுத்து மாறாமல் இருக்க

என் ஸ்லைடுகள் பாமினி என்ற எழுத்துருவில் இருந்தன. இது யூனிகோட் அல்லாத பழைய பாண்ட். ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். பாமினி பாண்ட் உள்ள கம்ப்யூட்டரில் அது அம்மா. இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்து.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத் தமிழர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். 1997ல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் தமிழ்99 கீபோர்டும், டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளும் கிடைத்தன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. 2024 பிப்ரவரியில் பன்னாட்டுக் கணித்தமிழ் மாநாடு எங்களுக்குப் பக்கத்திலேயே, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. குன்றத்தூரிலிருந்து போரூர் வழியாகப் போய்விடும் தூரம். இத்தனைக்குப் பிறகும் பல டி.டி.பி. சென்டர்களில் பழைய பாண்ட்களில்தான் தமிழ் அடிக்கிறார்கள்.

எனவே யூனிகோடில் மட்டும் டைப் செய்யவும். தமிழ்99 கீபோர்டு இப்போது விண்டோஸுடனேயே வருகிறது. செட்டிங்ஸ் பகுதியில் மொழிகள் என்ற இடத்தில் தமிழைச் சேர்த்துக் கொள்ளலாம். ஏற்கனவே பாமினி போன்ற பாண்ட்களில் அடித்து வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர் புரோகிராம்கள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பிழை பார்த்துவிடவும்.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. லதா பாண்ட் விண்டோஸ் 2000 காலம் முதல் நமக்குப் பழக்கமானது. ஆனால் விண்டோஸ் 10, 11 உள்ள புதிய கம்ப்யூட்டர்களில் அது கூடுதல் பாண்ட்கள் வரிசைக்குப் போய்விட்டது. தமிழ் மொழியைச் சேர்க்காத கம்ப்யூட்டரில் அது இல்லாமல் போகலாம். நிர்மலா யூஐ என்ற பாண்ட் விண்டோஸ் 8 முதல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஆகவே ஸ்லைடுகளுக்கு அதையே பயன்படுத்தினால் பாதுகாப்பு.

வேறு அழகான பாண்ட்தான் வேண்டும் என்பவர்கள், பவர்பாயிண்ட்டில் பைல், ஆப்ஷன்ஸ், சேவ் என வரிசையாகச் செல்லவும். கீழே 'எம்பெட் பாண்ட்ஸ் இன் த பைல்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்தால் பாண்ட் பைலுக்குள்ளேயே சேர்ந்து போகும். எல்லா பாண்ட்களும் இதற்கு அனுமதிப்பதில்லை என்பதால் இதை மட்டுமே நம்ப வேண்டாம். அதே ஸ்லைடுகளை பிடிஎப் பைலாகவும் மாற்றிக் கொள்ளவும். பைல், எக்ஸ்போர்ட் சென்றால் இந்த வசதி கிடைக்கும். பிடிஎப்பில் எழுத்து அப்படியே நிற்கும். அனிமேஷனும் வீடியோவும் மட்டும் ஓடாது. இரண்டு பைல்களையும் முதல் நாளே அமைப்பாளர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஸ்லைடுகளைக் கவனியுங்கள்

அரங்கில் இருப்பவர் பெரிய திரையில் பார்ப்பார். வெளியூரில் இருப்பவர் போனில் கூடப் பார்க்கலாம். இருவருக்கும் படிக்க முடிய வேண்டும். ஒரு ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் வேண்டாம். எழுத்தளவு 28க்குக் குறையாமல் பார்த்துக் கொள்ளவும். மஞ்சள், வெளிர் பச்சை போன்ற நிறங்கள் மானிட்டரில் எடுப்பாகத் தெரியும். விளக்குகள் எரியும் அரங்கத்தில் புரொஜெக்டரில் மங்கிவிடும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே நல்லது.

ஒவ்வொரு ஸ்லைடிலும் எண் போடுங்கள். இன்சர்ட் மெனுவில் 'ஸ்லைடு நம்பர்' என்று இருக்கிறது. இது சிறிய வேலைதான். ஆனால் இணைப்பு அறுந்து நீங்கள் குரலில் மட்டும் பேச நேர்ந்தால், "ஏழாம் ஸ்லைடைக் காட்டுங்கள்" என்று சொல்ல இந்த எண்தான் கைகொடுக்கும்.

ஒலிதான் முதலில்

படம் கொஞ்சம் உறைந்து நின்றால் பார்வையாளர்கள் பொறுத்துக் கொள்வார்கள். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் கவனம் போய்விடும். லேப்டாப்பில் உள்ள மைக், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் சத்தத்தையும் சேர்த்து எடுக்கும். மைக்குடன் கூடிய ஹெட்போன் ஒன்று வாங்கிவிடுங்கள். போனுக்குப் பயன்படுத்தும் சாதாரண இயர்போன் கூட லேப்டாப் மைக்கை விடத் தெளிவாக இருக்கும்.

பேசாத நேரத்தில் மைக்கை மியூட் செய்து வைக்கவும். ஜூமில் ஆல்ட் கீயுடன் ஏ கீயை அழுத்தினால் மியூட் ஆகும். மீண்டும் அழுத்தினால் திறக்கும். உங்கள் முறை வந்ததும் மியூட்டை எடுத்தீர்களா என்று முதலில் பார்க்கவும்.

என் உரையில் ஒலிப்பதிவு ஒன்றும் இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய நெசவாளர் ஒருவர் தறியில் அமர்ந்தபடி ஒவ்வொரு சொல்லையும் சொல்வார். பின்னால் தறிச் சத்தம் கேட்கும். கருத்தரங்குகளை இப்போது ரெக்கார்ட் செய்து பொதுவில் போட்டுவிடுகிறார்கள். எனவே அவர் குரலை ஒலிபரப்பலாமா என்று முன்பே அவரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். மற்றவர் குரலையோ படத்தையோ பயன்படுத்தும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும்.

முதலில் அந்த ஒலிப்பதிவைப் போனில் ஓடவிட்டு மைக் அருகே பிடித்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகக் கேட்டது. எதிர்ப்பக்கம் தறிச் சத்தமே இல்லை! காரணம் இதுதான். ஜூம், பேச்சைத் தவிர மற்ற ஒலிகளை இரைச்சல் என்று எண்ணித் தானாகவே அடக்கிவிடும். ஃபேன் சத்தத்தை அடக்கும் அதே வசதி தறிச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது.

இதற்குத் தீர்வு எளிது. ஒலி பைலைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக் கொள்ளவும். ஜூமில் 'ஷேர்' பட்டனைக் கிளிக் செய்தால் ஒரு விண்டோ கிடைக்கும். அதன் கீழ்ப்பகுதியில் 'ஷேர் சவுண்ட்' என்று இருக்கும். அதில் டிக் செய்த பிறகு ஸ்கிரீனைப் பகிர்ந்தால், கம்ப்யூட்டரில் ஓடும் ஒலி மைக் வழியாக இல்லாமல் நேராகப் போகும்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாருங்கள்

தறிச் சத்தம் கேட்கவில்லை என்பதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? எல்லோரும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது.

ஜூமில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொள்ளவும். அதில் 40 நிமிடம் வரை மீட்டிங் நடத்தலாம். ஒத்திகைக்கு இது தாராளம். கம்ப்யூட்டரில் மீட்டிங்கைத் தொடங்கி, அதன் லிங்க்கை உங்கள் போனுக்கே அனுப்பவும். போனில் அதைத் திறந்து பார்வையாளராக நுழையவும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் நுழைந்தால் சோதனை இன்னும் சரியாக இருக்கும். போனை அடுத்த அறையில் உள்ள ஒருவரிடம் கொடுத்து இயர்போனில் கேட்கச் சொல்லவும். ஒரே அறையில் இரண்டு கருவிகளையும் வைத்தால் ஒன்றின் ஒலி மற்றொன்றின் மைக்கில் புகுந்து காதைத் துளைக்கும் ஊளை எழும். அரங்கில் இருந்து பேசுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே உங்கள் லேப்டாப்பில் ஜூமைத் திறந்தால், ஒலியையும் மைக்கையும் அடைத்துவிடுங்கள்.

இந்தச் சோதனையின்போது அந்த நெசவாளர்தான் அடுத்த அறையில் போனை வைத்துக் கொண்டிருந்தார். "இது எங்க வேலை மாதிரிதான் சார். புட்டா போடறப்ப சேலையோட நல்ல பக்கம் கீழே இருக்கும். நமக்குத் தெரியாது. கண்ணாடியைக் கீழே பிடிச்சுத்தான் பார்ப்போம்" என்றார். போன்தான் நமக்கு அந்தக் கண்ணாடி.

எழுத்துக்கும் இதுபோல் சோதனை உண்டு. ஸ்லைடு பைலை, தமிழ் பாண்ட் எதுவும் போடாத வேறொருவர் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவும். பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரும் போதும்.

இணைப்பும் மின்சாரமும்

இன்டர்நெட் வேகம் என்றாலே டவுன்லோட் வேகத்தைத்தான் பார்க்கிறோம். பேசுபவருக்கு முக்கியம் அப்லோட் வேகம். உங்கள் குரலும் ஸ்லைடும் வெளியே போக வேண்டும் அல்லவா? ஜூம் நிறுவனம் தரும் கணக்குப்படி, குரலுக்கு மட்டும் 60 முதல் 80 கிலோபிட் போதும். ஸ்கிரீனை மட்டும் பகிர 50 முதல் 75 கிலோபிட். பலர் கூடும் மீட்டிங்கில் உங்கள் முகம் தெளிவாகத் தெரிய ஏறத்தாழ 1000 கிலோபிட். எல்லாம் ஒரு விநாடிக்கு உரிய கணக்கு. இணைப்பு தடுமாறினால் முதலில் கேமராவை நிறுத்துங்கள். அதிலேயே பெரும் பாரம் இறங்கிவிடும்.

வீட்டில் மற்றவர்கள் அந்த நேரத்தில் டிவியில் இன்டர்நெட் படம் பார்க்க வேண்டாம் என்று சொல்லி வைக்கவும். முடிந்தால் ரூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு நேராகக் கேபிள் போடவும். மாற்றாகப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கம்ப்யூட்டரை ஒரு முறையாவது அதில் இணைத்துப் பழகிக் கொள்ளவும். பாஸ்வேர்டைத் தேட வேண்டிய நேரம் அதுவல்ல.

விண்டோஸ் அப்டேட் பகுதியில் 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதைக் கிளிக் செய்து அப்டேட்டைத் தள்ளி வைக்கவும். வாட்ஸ்அப் போன்றவற்றை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் "ரேஷன் கடையில் சர்க்கரை போடுறாங்க" என்ற செய்தி அரங்கத் திரையிலும் வந்து நிற்கும்.

நேரத்தைச் சரிபாருங்கள்

வெளிநாட்டு மாநாடு என்றால் எந்த ஊர் நேரம் என்று பார்க்கவும். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நம்மை விட எப்போதும் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும். ஐரோப்பிய நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன் தள்ளி வைக்கும். டப்ளினில் மே மாதக் காலை 9 மணி நமக்குப் பகல் 1.30. டிசம்பரில் அதே காலை 9 மணி நமக்கு 2.30.

உள்ளூர்க் காலண்டரையும் பாருங்கள். கிருத்திகை நாளில் எங்கள் முருகன் மலைக்கோயிலுக்குக் கூட்டம் வரும். சாலைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அன்று பேச நேர்ந்தால் உள் அறைக்குப் போக வேண்டும்.

பவர்பாயிண்ட்டில் 'ஸ்லைடு ஷோ' மெனுவில் 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் பேசப் பேச ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எத்தனை விநாடி எடுத்தீர்கள் என்று கணக்கு வைக்கும். எனக்குத் தந்தது 12 நிமிடம். முதல் ஒத்திகையில் 19 நிமிடம் ஆனது. ஐந்து ஸ்லைடுகளை எடுத்துவிட்டேன். இணைப்புக்காக ஒரு நிமிடம் போகும் என்று வைத்து, 11 நிமிடத்தில் முடியுமாறு அமைத்தேன்.

அன்று நடந்தது

நெசவாளரும் என் அருகில் அமர்ந்திருந்தார். நான்கு நிமிடம் எல்லாம் சரியாகப் போனது. அவர் குரலும் தறிச் சத்தமும் அரங்கில் கேட்டதைத் திரையில் தெரிந்த முகங்களிலிருந்தே உணர முடிந்தது.

ஐந்தாவது நிமிடம் கரண்ட் போனது. ரூட்டருக்குச் சிறிய பேட்டரி வைத்திருந்தேன். அதன் விளக்கு எரிந்தது. ஆனால் இன்டர்நெட் வரவில்லை. தெருவில் உள்ள இணைப்புப் பெட்டிக்கும் அதே கரண்ட்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. உடனே போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கேமராவை நிறுத்திவிட்டு மீண்டும் நுழைந்தேன். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. அதற்குள் அரங்கில் என் பிடிஎப் பைலைத் திறந்திருந்தார்கள். "ஆறாம் ஸ்லைடு" என்றேன். தலைவர், "தமிழ் நன்றாகத் தெரிகிறது, தொடருங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

பிறகு அரங்கின் பின்வரிசையில் ஒருவர் கேள்வி கேட்டார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. மைக் இல்லாமல் பேசினால் ஜூமில் இருப்பவருக்குக் கேட்காது. கேள்விகளை மைக்கில் திருப்பிச் சொல்லும்படி தலைவரை முன்பே கேட்டிருந்ததால் அவர் சொன்னார். ஆரணிப் பக்கம் பேட்னிக்கு வேறு பெயர் வழங்குகிறதே என்பது கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் மைக்கை இழுத்துக் கொண்டார். "அங்க வேற மாதிரி சொல்வாங்க, எனக்குத் தெரியும். எங்க மாமனார் அந்தப் பக்கந்தான்" என்று ஆரம்பித்து, என் குறிப்பேட்டில் இல்லாத நான்கு சொற்களைச் சொன்னார். அரங்கில் இருந்தவர்கள் எழுதிக் கொண்டார்கள். நானும் எழுதிக் கொண்டேன்.

புறப்படும் முன் ஒரு பட்டியல்

1. எழுத்து யூனிகோடில் இருக்கிறதா?
2. பிடிஎப் பைல் அமைப்பாளர் கையில் இருக்கிறதா?
3. ஸ்லைடுகளில் எண் போட்டாகிவிட்டதா?
4. 'ஷேர் சவுண்ட்' டிக் செய்தீர்களா?
5. போனில் பார்வையாளராக நுழைந்து பார்த்தீர்களா?
6. ஹாட்ஸ்பாட் பழகியாகிவிட்டதா? போனில் முழு சார்ஜ் இருக்கிறதா?
7. அமைப்பாளர் ஒருவரின் போன் எண் தாளில் எழுதி மேஜையில் இருக்கிறதா?
8. கேள்வியைத் திருப்பிச் சொல்லும்படி தலைவரிடம் கேட்டீர்களா?

இந்த எட்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் தைரியமாகப் பேசலாம். நம் ஊர்களில் இன்னும் எழுதப்படாத செய்திகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைச் சொல்ல வெளியூர் போக வசதியில்லை என்ற காரணம் இனி வேண்டாம். கம்ப்யூட்டர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.